மலையில் வீட்டுச் செலவைக் குறைக்க, சூட்டிலிருந்து தொடங்குங்கள்

சிக்கனமாக வாழ்வது எப்படி என்று யார் சொன்னாலும் முதலில் வருவது ஏசியை 24-ல் வையுங்கள், ஃபேனை அணையுங்கள், மொட்டை மாடிக்கு வெள்ளை அடியுங்கள் என்பதுதான். குன்னூரிலும் ஊட்டியிலும் கோத்தகிரியிலும் இருக்கிற நமக்கு இதில் ஒன்றுகூடப் பொருந்தாது. இங்கே பல வீடுகளில் ஃபேன் மாட்டக் கொக்கியே கிடையாது. அப்படியிருந்தும் கரண்ட் பில்லும் கேஸ் செலவும் கோயம்புத்தூரில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குக் குறைவில்லாமல் வருகிறது. ஏனென்றால் அவர்கள் குளிர்ச்சிக்குக் காசு கொடுக்கிறார்கள், நாம் சூட்டுக்குக் கொடுக்கிறோம். குளிக்கிற தண்ணீர், வேக வேண்டிய பருப்பு, படுக்கிற அறை, புளிக்க வேண்டிய இட்லி மாவு வரைக்கும் எல்லாவற்றுக்கும் சூடு வேண்டும்.

அதனால் மலையில் சிக்கனம் என்றால் சூடு எங்கே செலவாகிறது, எங்கே வீணாகப் போகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. எல்இடி பல்பு மாற்றுவது, சார்ஜரைக் கழற்றி வைப்பது எல்லாம் நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் பெரிய தொகை அங்கே இல்லை. காட்டிலிருந்து வரும் விறகும், மலையேறி லாரியில் வரும் சிலிண்டரும் குறைய வேண்டும் என்றாலும் கைவைக்க வேண்டிய இடம் இதே சூடுதான்.

குளிக்கிற தண்ணீர்

டிசம்பர், ஜனவரியில் நம் தொட்டித் தண்ணீர் 12 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (ஊட்டியில் உறைபனி விழும் காலையில் இன்னும் கீழே போகும்.) 20 லிட்டர் வாளித் தண்ணீரை 12-லிருந்து குளிக்கிற பதமான 40 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 0.65 யூனிட் மின்சாரம் வேண்டும். சென்னையில் தொட்டித் தண்ணீரே 28 டிகிரியில் இருக்கும், அங்கே அதே வாளிக்கு 0.28 யூனிட் போதும். அதாவது ஒரே குளியலுக்கு நாம் இரண்டு மடங்குக்கு மேல் செலவழிக்கிறோம். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு வாளி என்றால்கூட இரண்டு மாத பில்லில் 156 யூனிட் குளியலறைக்கே போய்விடும். இதில் வீணாவதைச் சேர்க்கவே இல்லை.

வீணாவது எங்கே? முதலாவது, கெய்சரைக் காலையில் போட்டுவிட்டு மறந்துவிடுவது. சூடானதும் தானாக நின்றுவிடும், பிறகென்ன என்று நினைப்பார்கள். நிற்கும், ஆனால் சுற்றியுள்ள குளிரில் உள்ளே இருக்கிற தண்ணீர் ஆற ஆற அது மறுபடி மறுபடி ஓடிக்கொண்டேதான் இருக்கும். 15 லிட்டர், 2000 வாட் கெய்சர் 12 டிகிரித் தண்ணீரை 60-க்குக் கொண்டுவர 25 நிமிடம்தான் எடுக்கும். அந்த 15 லிட்டர் கொதிநீரில் பச்சைத் தண்ணீர் கலந்தால் குளிக்கிற சூட்டில் 25 லிட்டர் கிடைக்கும். ஆகவே குளிப்பதற்கு 25 நிமிடம் முன்னால் போட்டு, குளிக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். வீட்டில் எல்லாரும் அடுத்தடுத்துக் குளித்துவிட்டால் இன்னும் நல்லது, ஒருவர் ஆறுக்கும் இன்னொருவர் ஒன்பதுக்கும் என்றால் நடுவில் ஆறிப்போன சூட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். சூட்டைத் திருகி வைக்கும் குமிழ் இருந்தால் 60-க்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது ஷவர். சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் போகும், ஐந்து நிமிடம் நின்றால் இரண்டு வாளிக்கு மேல். குளிர் ஊரில் ஷவருக்குக் கீழே நின்றால் வெளியே வர மனசு வராது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. வாளியும் சொம்பும் போதும். மூன்றாவது, கெய்சருக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கிற தூரம். திறந்ததும் முதலில் வருகிற சில்லென்ற தண்ணீரைக் கீழே விடாமல் ஒரு வாளியில் பிடித்துத் துணி அலச வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவரில் ஓடும் வெந்நீர்க் குழாய்க்கு பிளம்பிங் கடையில் விற்கிற கறுப்பு ஃபோம் குழாயை மாட்டிவிடுங்கள், அடுத்த குளிர்காலத்துக்குள் அந்தச் செலவு கைக்கு வந்துவிடும்.

சோலார் வாட்டர் ஹீட்டர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இங்கே இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். உறைபனி விழும் பகுதியில் தட்டையான பலகை வகையில் உள்ளே இருக்கிற செம்புக் குழாயில் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும், அதனால் கண்ணாடிக் குழாய் வகைதான் நல்லது. அப்புறம் நிழல். தெற்கே பார்த்து வைக்க இடம் இருக்கிறதா, டிசம்பரில் காலை ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை அந்த இடத்தில் வெயில் விழுகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். எதிர்மலையோ பக்கத்துத் தோட்டத்துக் கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) மறைத்தால் எந்த கம்பெனி ஹீட்டரும் வேலை செய்யாது. மூடுபனி மாதங்களில் சோலாரிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் எதிர்பார்க்காதீர்கள், வெதுவெதுப்பாகத்தான் வரும். பலர் இதைப் பார்த்துவிட்டு சோலார் தண்டம் என்கிறார்கள். அப்படி இல்லை. 25 டிகிரியில் வந்தால்கூட பாதி வேலை முடிந்துவிட்டது, அதையே கெய்சருக்குள் விட்டால் மிச்சத்தை மட்டும் கரண்டில் சூடாக்கினால் போதும். வெயில் நாளில் நேராகக் குழாய்க்குப் போகவும், பனி நாளில் கெய்சர் வழியாகப் போகவும் ஒரு பைபாஸ் வால்வு வைக்கச் சொல்லி பிளம்பரிடம் கேளுங்கள். உங்கள் கெய்சருக்குள் எவ்வளவு சூடான தண்ணீரை விடலாம் என்பதையும் அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுப்படி

மலைக்கே உரிய கணக்கு ஒன்று இங்கே இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிற குன்னூரில் 94 டிகிரி வாக்கிலும் 2,240 மீட்டரில் இருக்கிற ஊட்டியில் 93 டிகிரி வாக்கிலும் கொதிக்கும். கொடைக்கானலும் கிட்டத்தட்ட ஊட்டி போலத்தான். கொதித்த பிறகு எவ்வளவு பெரிய தீ வைத்தாலும் அந்தச் சூடு ஏறாது, தண்ணீர் ஆவியாகப் போவது மட்டும் வேகமாகும். அதனால்தான் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு இங்கே வேகவே மாட்டேன் என்கிறது. மலையில் திறந்த பாத்திரத்தில் பருப்பு, பயறு, கறி வேக வைப்பது கேஸைக் காற்றில் விடுவதுதான். பிரஷர் குக்கர் சமவெளியில் நேரத்தை மிச்சம் பிடிக்கிற சாமான், இங்கே அது இல்லாமல் முடியாது.

குக்கருக்குள்ளும் சூடு சமவெளியைவிடச் சில டிகிரி குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் வெயிட் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே ஒரு அளவைத்தான் கூட்டிக் கொடுக்கிறது. சமையல் குறிப்பில் மூன்று விசில் என்று இருந்தால் இங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். அதற்காக விசில் எண்ணிக்கையை ஏற்றாதீர்கள். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து நேரத்தைக் கூட்டுங்கள். விசில் அடிக்கும்போது வெளியே போவது நாம் காசு கொடுத்து உண்டாக்கிய ஆவி.

ஊற வைப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. குளிர்ந்த தண்ணீரில் பயறு மெதுவாகத்தான் ஊறும், சமவெளியில் ராத்திரி போட்டால் காலையில் தயாராகிற கொண்டைக்கடலை இங்கே நடுவில் கல்லாகவே இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு மூடி, ஒரு துண்டைச் சுற்றி வையுங்கள். அடுப்பில் அரை மணி நேரம் எரிவதற்கு இது எவ்வளவோ மேல்.

அடுத்தது, என்னைக் கேட்டால் மலையில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய சாமான்: சூட்டுப் பெட்டி. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. குக்கர் உள்ளே போய்ச் சுற்றிலும் ஒரு சாண் இடம் இருக்கிற மரப்பெட்டியோ தடித்த அட்டைப்பெட்டியோ எடுத்து, அடியிலும் பக்கத்திலும் மேலேயும் பழைய கம்பளி, போடாத ஸ்வெட்டர், வைக்கோல், எது கிடைக்கிறதோ அதைத் திணித்துக் குக்கர் அளவுக்குக் குழி விடுங்கள். அரிசி வைத்து முதல் விசில் வந்ததும் அடுப்பை அணைத்து, குக்கரை அப்படியே தூக்கிக் குழிக்குள் இறக்கி மேலேயும் கம்பளியால் மூடிவிடுங்கள். உள்ளே இருக்கிற சூட்டிலேயே சாதம் வெந்துவிடும், பரிமாறும் வரை ஆறவும் ஆறாது. வெளியே வைத்தால் இந்தக் குளிரில் சீக்கிரமே ஆறிப்போய் மறுபடி சூடு பண்ண வேண்டியிருக்கும், அந்த இரண்டாவது கேஸும் மிச்சம். ஊறிய பாசிப்பருப்பு, துவரம்பருப்பு, காய்கறிக் குழம்பு எல்லாம் கொதிக்க விட்டு உள்ளே வைக்கலாம். ராஜ்மா போன்ற காய்ந்த பீன்ஸ் விதைகளை மட்டும் இதை நம்பி விடாதீர்கள், அரைவேக்காட்டில் அவை வயிற்றைக் கெடுக்கும் நச்சு உள்ளவை, குக்கரில் முழுசாக வேக வேண்டும். எந்தச் சமையலாக இருந்தாலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எடுத்துச் சாப்பிட்டுவிடுங்கள், வெதுவெதுப்பில் கிடக்கக் கிடக்கக் கெட்டுப்போகும்.

இட்லி மாவுக்கும் அதே பெட்டிதான். குளிர்காலத்தில் மாவு இரண்டு நாளானாலும் பொங்காமல் கிடப்பது இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிற தொல்லை. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஆட்டி, கையால் நன்றாகக் கரைத்து, ஒரு பாட்டில் வெந்நீரோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைத்து மூடினால் விடியும்போது பொங்கியிருக்கும். ஹீட்டர் பக்கத்தில் மாவுப் பாத்திரத்தை வைத்து ராத்திரி முழுக்க எரிய விடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

ஒரு நல்ல பிளாஸ்க் வாங்குங்கள். நாளைக்கு எட்டு முறை டீக்கும் குடிக்கவும் தண்ணீர் சுட வைப்பதைவிட, காலையில் ஒரே முறை கொதிக்க வைத்து ஊற்றி வைப்பது மேல். பாத்திரத்தை மூடி வைத்துக் கொதிக்க வையுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கேஸா, இண்டக்‌ஷனா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்கிற சமையலை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்தால் 130 முதல் 140 யூனிட் வரை ஆகும், கேஸ் அடுப்பில் பாத்திரத்தின் பக்கவாட்டில் போய்விடுகிற சூடு இண்டக்‌ஷனில் போகாது. சிலிண்டர் விலையை 135-ஆல் வகுத்துப் பாருங்கள், உங்கள் பில்லில் கடைசி யூனிட்டுக்கு என்ன விலை போடுகிறார்களோ அது இதைவிடக் குறைவாக இருந்தால் இண்டக்‌ஷன் லாபம், அதிகமாக இருந்தால் கேஸ். எந்த விலை என்பது நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, அதற்குக் கீழே வருகிறேன்.

அறையைச் சூடாக்காதீர்கள், ஆளைச் சூடாக்குங்கள்

1000 வாட் ரூம் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். ராத்திரி நாலு மணி நேரம் போட்டால் இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். அதில் பாதிச் சூடு தகரக் கூரை வழியாகவும் ஜன்னல் இடுக்கு வழியாகவும் நீலகிரியைச் சூடாக்கத்தான் போகிறது. அதே இடத்தில் ஒன்றரை லிட்டர் பிடிக்கிற ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்றை நிரப்ப 0.12 யூனிட்டுக்கான சூடு போதும். அதைப் படுப்பதற்குக் கால் மணி முன்னால் கம்பளிக்குள் கால் மாட்டில் வைத்துவிடுங்கள், தொட்டால் சில்லென்று இருக்கிற படுக்கை இதமாகிவிடும். பைக்குத் துணி உறை போடாமல் வைக்காதீர்கள், மூடியையும் வருஷத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றுங்கள்.

அடுத்து இடுக்குகள். சாயங்காலம் காற்றடிக்கும்போது ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல், கதவு ஓரமெல்லாம் மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே குளிர்க்காற்று வருகிறது. ஒட்டுகிற ஸ்பாஞ்ச் பட்டை ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும். கதவுக்கு அடியில் பழைய சேலையை உருட்டித் தைத்துப் போட்டால் போதும். திரைகளைத் தடிமனாகப் போடுங்கள், ஆனால் போடுவதைவிட எப்போது இழுத்து மூடுகிறோம் என்பதுதான் முக்கியம்: பகலெல்லாம் வெயில் உள்ளே வரத் திறந்து வைத்து, நாலரை ஐந்து மணிக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியவுடனே மூடிவிட வேண்டும். ஏழு மணிக்கு மூடினால் அறையில் சேர்ந்த சூடு எல்லாம் ஏற்கெனவே கண்ணாடி வழியாகப் போயிருக்கும்.

தகரக் கூரைக்கு அடியில் பலகையோ மூங்கில் தட்டியோ அடித்து உள்கூரை போடுவதுதான் இந்தப் பட்டியலிலேயே கொஞ்சம் பெரிய செலவு, ஆனால் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டிலோ தகரம் போட்ட மாடியிலோ இருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். சூடான காற்று மேலேதான் போகும், தகரம் அதை வாங்கி வெளியே விட்டுவிடும். காசு இல்லையென்றால் தரையிலிருந்து தொடங்குங்கள், சிமெண்டுத் தரையில் பாயும் அதன்மேல் ஜமுக்காளமும் விரித்தாலே வித்தியாசம் தெரியும்.

குளிருகிறதே என்று ஜன்னலை நாள் முழுக்கச் சாத்தி வைக்கவும் கூடாது. மதியம் வெயில் இருக்கும்போது அரை மணி நேரம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். ஈரக் காற்று உள்ளேயே தங்கினால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், அறையும் கூடுதலாகக் குளிரும். மழை மாதத்தில் துணியை ஹீட்டர் முன்னால் விரித்துக் காய வைப்பதைவிட வாஷிங் மெஷினில் இன்னொரு முறை ஸ்பின் மட்டும் போடுங்கள், அதற்கு ஆகிற கரண்ட் மிகக் குறைவு. பிறகு கண்ணாடி போட்ட வராண்டா இருந்தால் அங்கே, இல்லையென்றால் அடுப்படிக் கொடியில். அதே மெஷினில் வெந்நீர் பட்டனை மட்டும் தொடாதீர்கள்.

விறகு எரிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, விறகு நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்பதுதான். பச்சை விறகில் பாதி எடை தண்ணீராக இருக்கும், அதை ஆவியாக்கவே நெருப்பின் பலம் போய்விடும், மிஞ்சுவது புகை. ஜூனில் எரிக்கப் போகிற விறகை பிப்ரவரிக்குள் வாங்கிப் பிளந்து, மேலே தகரம் போட்டுப் பக்கங்களில் காற்று போகிற மாதிரி அடுக்கி வையுங்கள். தேயிலைத் தோட்டங்களில் கவாத்து வெட்டும்போது விழுகிற மிலார் (சிறு குச்சிகள்) நன்றாகக் காய்ந்து எரியும், சீகை (வாட்டில் மரம்) விறகும் அப்படியே. இந்தச் சீகையும் கற்பூர மரமும் வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்டவை, சீகை இன்றைக்குப் புல்வெளியை மூடிப் படர்ந்து கிடக்கிறது, அதை எரிப்பதில் தவறில்லை. ஆனால் காட்டுக்குள் போய் நாமே வெட்டக் கூடாது. நம் பட்டா நிலத்தில் நிற்கிற மரத்துக்குக்கூட 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். சோலை, அதாவது மலையின் இயற்கைக் காட்டு மரத்து விறகு என்று தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சோலைதான் நம் ஓடைகளுக்குத் தண்ணீர் கொடுக்கிறது.

கரி அடுப்பை, கரி போட்ட சட்டியை, அணைந்துகொண்டிருக்கும் கங்கைக்கூட, கதவைச் சாத்திய அறைக்குள் வைத்துத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்குக் கரி மூட்டிப் படுத்து எழுந்திருக்காதவர்களைப் பற்றி நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம். எந்தச் சிக்கனமும் இதற்கு ஈடாகாது.

பில்லின் படிகள்

நம் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. 2022 செப்டம்பரில் மாற்றிய கட்டண முறையில் முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். கவனிக்க வேண்டிய படி 500. அதற்குள் இருந்தால் 101 முதல் 200 வரைக்கான யூனிட்டுகள் பாதி விலையில் கிடைக்கும், 501 ஆனால் அந்தச் சலுகையும் போய்விடும். அந்த ஒரே யூனிட்டுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். ஆகவே உங்கள் வீடு 480, 520 என்று எல்லையில் ஆடுகிற வீடாக இருந்தால் கணக்கெடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்னால் மீட்டரைப் போய்ப் பாருங்கள், ரூம் ஹீட்டரை நிறுத்தினாலே கீழே இருந்துவிடலாம். இண்டக்‌ஷனையும் அந்த நாட்களில் விட்டுவிட்டு கேஸுக்கு மாறலாம்.

கூரையில் சோலார் மின்சாரம் வைக்க 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3 மற்றும் அதற்கு மேல் 78,000 ரூபாய் மானியம் உண்டு. குளிர்ந்த காற்றில் பேனல் நன்றாகவே வேலை செய்யும், ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நம் வெயில் அதற்கு மிகவும் தோதானது. ஆனால் மூடுபனி மாதங்களையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும், சமவெளிக்காரர் சொல்கிற வருமானத்தை அப்படியே நம்பாதீர்கள். மேலே சொன்னதையெல்லாம் செய்து பில்லைக் குறைத்துவிட்டு, பிறகு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். பலருக்கு வேண்டியிருக்காது.

மழையும் சரிவும்

இவ்வளவு மழை பெய்கிற ஊரில் கோடையில் குழாயில் நாள்கணக்கில் தண்ணீர் வராமல் லாரித் தண்ணீர் வாங்குகிறோம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 500 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் சிந்தியது போக 400 லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கலாம். தகரக் கூரைக்காரர்களுக்கு இதில் நல்ல வசதி, சுத்தமாக வழிந்து வரும். கூரை ஓரத்துப் பீலியிலிருந்து ஒரு குழாய், முதல் மழையை வெளியே விட ஒரு திருப்பு, கொசுவலை கட்டிய தொட்டி, இவ்வளவுதான். துவைக்க, கழுவ, கழிப்பறைக்கு, செடிக்கு.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சமவெளியில் சொல்கிற மாதிரி வீட்டுக்குப் பக்கத்தில் குழி தோண்டி மழைநீரை மண்ணுக்குள் இறக்காதீர்கள். சரிவில் கட்டிய வீட்டுக்கு, அதுவும் தடுப்புச் சுவருக்குப் பின்னால், மண் ஊறுவது ஆபத்து. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்பது இங்கே யாருக்கும் மறக்காது. தொட்டியில் பிடியுங்கள், நிரம்பி வழிவதைக் குழாய் வழியாகக் கால்வாய் வரை கொண்டுபோய் விடுங்கள். தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற விட்ட துளைகள் அடைபட்டிருந்தால் மழைக்கு முன்னால் குத்திவிடுங்கள். அடுப்படிக் கழுவு தண்ணீரைத் தோட்டத்துக்கு விடுகிறவர்களும் ஒரே இடத்தில் விடாமல் மாற்றி மாற்றி விடுங்கள்.

குப்பை, மிருகம், காய்கறி

பிளாஸ்டிக் விஷயத்தில் நம் மாவட்டம் முன்னாலேயே போய்விட்டது. மாநிலம் முழுக்க 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது, அதே ஆண்டு சின்னத் தண்ணீர் பாட்டில்களுக்கும் நீலகிரியில் தடை போட்டார்கள். ஸ்டீல் பாட்டிலும் துணிப்பையும் கையில் இருந்தால் அதற்கென்று தனியாகச் செலவே இல்லை.

மக்கும் குப்பையில்தான் மலைக்கென்று தனி வழி வேண்டும். திறந்த குழியில் காய்கறித் தோலைக் கொட்டினால் ராத்திரி காட்டுப்பன்றி வரும், கரடி வரும். கரடிக்கு எண்ணெய் என்றால் உயிர், கோயில் விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெயைத் தேடிக் கதவை உடைத்து வருகிற கரடிகள் இங்கே உண்டு. ஒருமுறை ருசி கண்டுவிட்டால் அந்தத் தெருவுக்கே தொல்லை, கடைசியில் கூண்டு வைத்துப் பிடிக்கப்படுவது அந்தக் கரடிதான். அதனால் இரும்பு வளையம் போட்டு மூடுகிற 200 லிட்டர் டிரம் ஒன்றை வாங்கி, பக்கத்தில் காற்றுக்குச் சின்னத் துளைகள் போட்டு, தூணோடு சேர்த்துக் கட்டி, வெயில் படுகிற இடத்தில் வையுங்கள். சமைத்த சோறு, எண்ணெய்ப் பண்டம், மீன், கறி, பழுத்த பழம் உள்ளே போகக் கூடாது. காய்கறித் தோல், டீத்தூள் சக்கை, முட்டை ஓடு போதும். ஒரு பங்கு ஈரக் குப்பைக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை. குளிரில் மக்குவது மெதுவாகத்தான் நடக்கும், சின்னச் சின்னதாக நறுக்கிப் போட்டு, சாணிக் கரைசல் ஒரு குவளை ஊற்றி, டிரம் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும்படி பார்த்துக்கொண்டால் உள்ளே சூடு தங்கும். இங்கேயும் கதை சூட்டில்தான் இருக்கிறது.

காய்கறிக்கு உழவர் சந்தை. கேத்திப் பள்ளத்தாக்கில் விளைகிற கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, ஏலம் போய், அதில் கொஞ்சம் மறுபடி மலையேறி நம் கடைக்கே வருகிறது. அந்த டீசல் செலவையும் சேர்த்து நாம் கொடுக்கிறோம். ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் சந்தை இருக்கிறது, காலையிலேயே போனால் மண் ஒட்டிய கேரட்டும் பீட்ரூட்டும் கிடைக்கும். கழுவாத கேரட்டாகப் பார்த்து வாங்குங்கள், அதிக நாள் தாங்கும். உருளை, கேரட், பீட்ரூட், முட்டைகோஸுக்கு இங்கே ஃபிரிட்ஜே வேண்டாம், வடக்குச் சுவர் ஓரமாக வெளிச்சம் படாத அலமாரி போதும். உருளையில் மட்டும் வெளிச்சம் பட்டால் பச்சையாகிவிடும், சாக்கு போட்டு மூடுங்கள். ஃபிரிட்ஜ் மாற்றப் போகிறவர்கள் சின்னதாகவே வாங்கலாம்.

வீட்டில் வளர்க்க வேண்டும் என்றால் மேரக்காய் ஒன்றை நட்டுப் பந்தல் போடுங்கள், சௌசௌ என்று கடையில் வாங்குவதே மறந்துபோகும். அதோடு பூண்டு, புதினா, கொத்தமல்லி, முள்ளங்கி, பாலக். கேரட், பீன்ஸ் வைத்தால் காட்டெருமைக்கும் குரங்குக்கும் பங்கு கொடுக்க வேண்டிவரும், வேலி செலவு காய் விலையைத் தாண்டிவிடும். பூண்டையும் புதினாவையும் அவை பெரும்பாலும் தொடுவதில்லை, ஆகவே வெளி ஓரத்தில் அவற்றை வைத்து, கீரையை வீட்டுச் சுவரை ஒட்டி, மதிய வெயில் விழுகிற பக்கமாகப் போடுங்கள்.